காற்றில்லாத ஊரில் மாமனாரும் மாப்பிள்ளையும்

பதினோரு மாதமாக அந்த வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வீட்டில் பேச்சே இல்லையென்று சொல்ல முடியாது. எல்லாம் அவள் வழியாகப் போய் அவள் வழியாக வந்தது. அவள் என்றால் அவருக்கு மகள், இவனுக்கு மனைவி.

"உங்கப்பாகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"அப்பா, உப்பு வேணுமாம்."

"கேட்டுச்சும்மா. கை நீட்டினா எட்டற தூரத்துலதான் இருக்குன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"எட்டுதாம்."

மேசையே இரண்டு முழம்தான். அதில் உப்பு டப்பா பத்து அங்குலம் நகர நாலு வாக்கியமும் ஒரு பெருமூச்சும் ஆகும். பெருமூச்சு அவளுடையது.

சண்டைக்குக் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள். மாமனார் கிரேன் ஓட்டுபவர். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். இவன் கீழே நிற்கும் சிக்னல்காரன். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவன்தான் கண். பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அது பாதி நேரம் கொரகொரவென்று இருமும். அதனால் கைதான் பேச்சு. ஒற்றை விரலை மேலே தூக்கிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து ஆட்டினால் இறக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்தால் நிறுத்து, அசையாதே. இப்படி ஆறு வருடம் இரண்டு பேரும் நாக்கை அசைக்காமல் அந்நியோன்னியமாக இருந்தார்கள். அந்த அந்நியோன்னியத்தில்தான் அவர் பெண்ணையே கொடுத்தார்.

பிறகு ஒரு காலையில் இரும்புக்கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தபோது காற்று அடித்துக் கட்டு திரும்பியது. அது திரும்பிய இடத்தில், நிறுத்தக்கூடாத இடத்தில், பொறியாளரின் மோட்டார் சைக்கிள் நின்றது. வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இருக்கை மேல் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை. கட்டு நிற்கவில்லை, இறங்கியது. கடைசியில் முழுசாகக் கிடைத்தது அந்த உறை மட்டும்தான்.

"நிறுத்துன்னுதான் காட்டினேன்" என்றான் இவன்.

"இறக்குன்னுதான் காட்டினார்" என்றார் அவர்.

கம்பெனி இளையவனை நம்பியது. மாமனாருக்குக் கண் மங்கிவிட்டது என்று முடிவுகட்டி, ஓய்வுக்கு ஒரு வருடம் முன்னதாகவே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. அந்த மாலையை அவர் வாங்கி நேராகக் கிரேன் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இவனோ வீட்டோடு மாப்பிள்ளை. கோபித்துக்கொண்டு புறப்பட்டுப் போகவும் வேறு வீடு இல்லை.

அவளுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. பகல் முழுக்கப் படுக்கை விரிப்புகள், மாலை முழுக்க இந்த இரண்டு பேரின் அழுக்கு. ஒருநாள் மேற்பார்வையாளர் பயிற்சிக்கென்று அவளை வேறு ஊருக்குப் பத்து நாள் அனுப்பினார்கள். புறப்படும் காலை, பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, இரண்டு பேரையும் டி.வி. முன்னால் உட்காரவைத்தாள்.

"இன்னையோட இந்தத் தூது போற வேலையை ராஜினாமா பண்றேன்."

"உங்கப்பாகிட்ட சொல்லு…" என்று இவன் தொடங்கினான்.

"ராஜினாமா பண்ணிட்டேன்னு இப்பதானே சொன்னேன்!"

அவள் தம்பி வெளியூர் போகும்போது விட்டுப்போன, டி.வி.யில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி அங்கே தூசி படிந்து கிடந்தது. அக்காவும் தம்பியும் ஒரு காலத்தில் மணிக்கணக்கில் ஆடிய விளையாட்டு அதில் இருந்தது. இரண்டு பேர் விண்கலம் உடைந்து ஏதோ ஒரு கோளில் விழுவார்கள். அங்கே காற்று கிடையாது. மழை பெய்தால் தோல் உரியும். புல் கடிக்கும். மண்ணுக்குள்ளிருந்து லாரி நீளத்துக்குப் புழு வரும். இத்தனைக்கும் நடுவே பிழைத்துக் கிடக்க வேண்டும்.

"முதுகுல காத்து சிலிண்டர் இருக்கும். அதை நீங்களே நிரப்பிக்க முடியாது. அடுத்தவர்தான் வந்து குழாயைச் சொருகணும். வேணும்னே இந்த மாதிரி கோளாப் பாத்துத்தான் போட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு உசிரு. மூணும் போச்சுன்னா கோளே அழிஞ்சிரும். தினமும் சாயங்காலம் உள்ள போகணும். ஒரு நாள் போகலைன்னாலும் காத்து தீர்ந்துரும். ஏமாத்தலாம்னு பாக்காதீங்க, எல்லாம் என் போன்ல தெரியும்."

"சரி, அழிஞ்சா என்ன?" என்றார் மாமனார்.

"நான் திரும்பி வரும்போது அந்தக் கோள் உசிரோட இருந்தா இந்த வீட்டுக்கு வரேன். இல்லைன்னா மருத்துவமனை விடுதியில ஒரு கட்டில் கேட்டு வச்சிருக்கேன், அங்க போயிடறேன். அங்க யாரும் என்கிட்ட உப்பு கேக்க மாட்டாங்க."

சும்மா மிரட்டுகிறாள் என்று இவன் நினைத்தான். ஆனால் அவள் பெட்டியில் தலையணையும் இருந்தது. பத்து நாள் பயிற்சிக்கு யாராவது சொந்தத் தலையணையை எடுத்துப் போவார்களா?

அன்று மாலை வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தான். பத்து மணி நேரம் வெயிலில் நின்று வந்தவனுக்குத் திரையில் இரண்டு சூரியன் உதித்தது. முதல் கட்டளையாகக் கல் உடைக்கச் சொன்னது. 'இதுக்கு நான் ஓவர்டைம்ல அங்கயே இருந்திருக்கலாம்' என்று நினைத்துக்கொண்டு உடைத்தான். இவன் ஆள் பச்சை உடுப்பு, மாமனார் ஆள் மஞ்சள் உடுப்பு. மஞ்சள் உடுப்பு அரைமணி நேரம் ஒரே பாறையில் முட்டிக்கொண்டே நடந்தது.

பிறகு மஞ்சள் உடுப்பின் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு மின்னியது. காற்று தீர்கிறது. குழாய் இவன் கையில் இருந்தது.

இவன் காத்திருந்தான், அவர் கேட்கட்டுமென்று. அவரும் காத்திருந்தார், இவன் கொடுக்கட்டுமென்று. தூதுக்கு ஆள் இல்லை. மாமனார் டி.வி.க்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"காலண்டரே, இங்க ஒரு மனுஷனுக்கு மூச்சு முட்டுது. ஒருத்தர் குழாயைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறார்."

சமையலறையில் இடமில்லாததால் கூடத்திலேயே நின்றிருந்த ஃபிரிட்ஜைப் பார்த்து இவன் திரும்பினான்.

"ஃபிரிட்ஜே, காத்து வேணும்னா வாயைத் திறந்து கேக்கணும். வாய் இருக்கில்ல?"

"வாய் இருக்கு காலண்டரே. காத்துதான் இல்ல."

மஞ்சள் உடுப்பு மண்டியிட்டது. குப்புற விழுந்தது. புல் வந்து கடித்தது.

உடனே போன் அடித்தது. கூடத்தின் நடுவே வைத்து, பொதுவாகக் கேட்கும்படி போட்டான்.

"முதல் நாளே ஒண்ணா? எப்படிச் செத்தீங்க?"

"மூச்சு முட்டிம்மா" என்றார் மாமனார்.

"பக்கத்துல குழாய் இல்லையா?"

"இருந்துச்சு."

"யார் கைல?"

ஃபிரிட்ஜ் மட்டும் உறுமியது. அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் யாரும் யாரையும் கேட்காமலே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பச்சை உடுப்பு போய் மஞ்சள் உடுப்பின் முதுகில் குழாயைச் சொருகியது. கொஞ்சம் வேகமாக, குத்துவது போலத்தான் சொருகியது. பதிலுக்கு மஞ்சளும் அதே மாதிரி குத்தியது. அன்று யாரும் சாகவில்லை.

மூன்றாம் நாள் பாறைக்குப் பின்னால் ஒரு துருப்பிடித்த வண்டியைக் கண்டுபிடித்தார்கள். வண்டி மேல் நீளமான கை, கையின் நுனியில் கொக்கி. மாமனார் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"காலண்டரே" என்றார். "கிரேன்."

பாறையில் முட்டிக்கொண்டே நடந்த மனிதரா இவர் என்று இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கொக்கி அவர் சுண்டுவிரல் போல் ஆடியது. வீட்டளவு பாறையைத் தூக்கி, ஒரு பொடிக் கல்லும் உதிராமல் பக்கத்தில் வைத்தார். ஆனால் மேலிருந்து அவருக்குக் கீழே தெரியவில்லை. தூசிப்புயல் வேறு. இவன் நினைக்காமலேயே பச்சை உடுப்பைக் கொண்டுபோய் வண்டிக்கு எதிரே நிறுத்தினான்.

அந்த விளையாட்டில் ஆட்கள் அபிநயம் பிடிக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு படம் வரும். கும்பிடு, நடனம், சிரிப்பு என்று பிள்ளைகள் விளையாட்டுக்காக வைத்தது. அதில் ஒற்றை விரலைத் தூக்கிச் சுழற்றும் கொண்டாட்டம் ஒன்று இருந்தது. இவனுக்கு அது தூக்கு. பறவைபோல் இரண்டு கை விரிப்பது ஒன்று, அது நிறுத்து. 'அமைதி' என்று உள்ளங்கையைக் கீழே தட்டிக் காட்டுவது ஒன்று, அது இறக்கு. இவன் விரலைச் சுழற்றினான். மேலே கொக்கி ஏறியது. கையை விரித்தான். கொக்கி நின்றது, துளி ஆட்டமில்லாமல்.

இரண்டு பேரும் டி.வி.யை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

அதன்பின் மூன்று நாள் அந்தக் கோளில் நடந்தது விளையாட்டு அல்ல, கட்டட வேலை. மற்றவர்கள் துப்பாக்கி செய்து புழுவைச் சுடும் நேரத்தில் இவர்கள் அஸ்திவாரம் தோண்டினார்கள். கல்லை அளவுவாரியாக அடுக்கினார்கள். நான்கு சுவர் எழுப்பிக் காற்று அடைத்து வைக்கும் அறை கட்டினார்கள். புழு ஒருதரம் வந்து எட்டிப் பார்த்தது. மாமனார் அதன் தலைமேல் ஒரு பாறையை மெதுவாக, பூ வைப்பது போல் வைத்தார். அது திரும்ப வரவில்லை. காலண்டரிடமும் ஃபிரிட்ஜிடமும் பேச அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆறாம் நாள் காற்றறைக்குக் கூரை போட்டார்கள். பெரிய வட்டமான இரும்பு மூடி. கொக்கியில் தொங்கி வந்துகொண்டிருந்தது. இவன் எதிரே நின்று வழி காட்டினான். அப்போது புயல் அடித்தது. மூடி திரும்பியது. திரும்பி நேராக இவன் தலைக்கு மேலே வந்து நின்றது.

இவன் பதறி, வட்டத்தில் ஒரு படத்தை அழுத்தினான். மூடி இறங்கியது. மறுபடி அழுத்தினான். இன்னும் இறங்கியது. மோட்டார் சைக்கிளுக்கு நேர்ந்தது பச்சை உடுப்புக்கும் நேர்ந்தது.

"நிறுத்துன்னுதானே காட்டினேன்!" என்று இவன் ஃபிரிட்ஜைப் பார்த்துக் கத்தினான்.

"இறக்குன்னுதான் காட்டினார் காலண்டரே! அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான்! எனக்குக் கண்ணு மங்கிப்போச்சாம், கண்ணு!"

"ரெண்டு கையையும் விரிச்சேன் ஃபிரிட்ஜே! சத்தியமா விரிச்சேன்!"

முதல் சாவின்போது அவசரத்தில் ஏதோ பொத்தானைத் தட்டி ஒரு காட்சியைப் பார்க்காமலே தாண்டி வந்துவிட்டிருந்தார்கள். இந்தத் தடவை இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்ததால் யாரும் எதையும் தட்டவில்லை. திரையில் 'கடைசி நிமிடம்' என்று எழுத்து வந்தது. செத்தவன் எப்படிச் செத்தான் என்று விளையாட்டே மெதுவாக ஓட்டிக் காட்டியது.

புயல். தலைக்கு மேல் மூடி. கீழே சின்னதாகப் பச்சை உடுப்பு. அது கையை விரிக்கவில்லை. உள்ளங்கையைக் கீழே வைத்து, இறக்கு, இறக்கு, இறக்கு என்று ஆட்டியது. இறங்கும் மூடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆட்டியது.

இவன் வாய் திறந்தபடி நின்றது. பார்வை திரையிலிருந்து மடிக்கு இறங்கியது. ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்ட வலது கை, உள்ளங்கை கீழே பார்க்க, இன்னும் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. பொறு, பொறு, பொறு.

நாய் பாய்ந்து வந்தால் இப்படித்தான் காட்டுவோம். வண்டி வேகமாக வந்தால் இப்படித்தான் காட்டுவோம். பயந்துபோன மனிதன் எவனும் இரண்டு கையை அழகாக விரித்துக்கொண்டு நிற்கமாட்டான், 'பொறு பொறு' என்றுதான் தட்டுவான். ஆனால் பதினைந்து மாடி மேலே இருப்பவருக்கு அது 'இறக்கு'. அன்று காலை கம்பிக்கட்டு திரும்பியபோது மணிக்கட்டில் இருந்த அதே வலி இப்போதும் இருந்தது. வாய்தான் நிறுத்து என்று கத்தியிருக்கிறது. கத்தியது ஞாபகமிருந்ததால், கையும் அதையே காட்டியது என்று பதினோரு மாதம் நம்பியிருக்கிறான்.

மாமனார் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தான். குத்திக் காட்டட்டும், ஏளனம் பண்ணட்டும். அவரோ காலண்டரிடம்கூடச் சொல்லவில்லை. எழுந்து போய், ஏற்கெனவே கழுவியிருந்த தன் தட்டை மறுபடி கழுவினார்.

போன் அடித்தது. "ஒண்ணுதான் மிச்சம்" என்றாள் அவள். உடனே வைத்துவிட்டாள்.

ஏழாம் நாள் மாமனார் டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார். ஆனால் கிரேனில் ஏறவில்லை. மஞ்சள் உடுப்பு ஒரு பாறைமேல் சும்மா உட்கார்ந்திருந்தது. திரையின் ஓரத்தில் எழுத்து ஓடியது: நாளை மாலை பெரும் மழை. கூரை இல்லாத காற்றறை மழையில் கரைந்துவிடும். காற்றறை போனால் இரண்டு பேரும் போவார்கள், கோள் போகும், தலையணையும் திரும்பி வராது.

இவன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். ஃபிரிட்ஜைப் பார்த்துத் திரும்பினான்.

"ஃபிரிட்ஜே… அன்னைக்கு… அந்த பைக்… நான் வந்து…"

"மாப்பிள்ளை" என்றார் மாமனார். "அது ஃபிரிட்ஜ். நான் இங்க இருக்கேன்."

பதினோரு மாதத்தில் முதல் வார்த்தை. இவன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மாமா, இறக்குன்னுதான் காட்டியிருக்கேன். தெரியாம காட்டிட்டேன். பொய் சொல்லணும்னு சொல்லல. நிறுத்துன்னு காட்டினதாவே நினைச்சுட்டேன். உங்க பேரைக் கெடுத்துட்டேன் மாமா."

அவர் கொஞ்ச நேரம் ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உக்காருங்க. நின்னா திரை மறைக்குது."

உட்கார்ந்தான்.

"எனக்கும் அன்னைக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. கையில இறக்குன்னு காட்டறீங்க, மூஞ்சியில ஐயோன்னு காட்டறீங்க. அவ்வளவு உயரத்துலயும் அந்த மூஞ்சி தெரிஞ்சுது. சந்தேகம் வந்தா ஓட்டறவன் நிறுத்தணும், அதுதான் முறை. ஆறு வருஷமா உங்க கை தப்பினதே இல்லையே, கையை நம்பிட்டேன்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒண்ணு மட்டும் உங்க கிட்ட சொல்றேன். வெளியில சொல்லிராதீங்க. அந்த பைக் நசுங்கின சத்தம் இருக்கே… நல்லாத்தான் இருந்துச்சு."

இவன் சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் முதலில் சிரித்தார்.

"நாளைக்கு சைட்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் மாமா."

"வேணாம். உங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டா? இருக்கறது ஒரு டி.வி."

ஆனாலும் சொன்னான். மறுநாள் இடைவேளையில், சிமெண்ட் மூட்டை மேல் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். யாரும் கைதட்டவில்லை. பொறியாளர் இப்போது வேறு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அதை இரண்டு தெரு தள்ளி ஒரு மரத்தடியில் பூட்டிவிட்டு நடந்து வருவார். அவர் இவன் போட்டிருந்த சிக்னல் உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்துக்குக் கலவை இயந்திரம் கழுவப் போட்டார். மாமனாருக்கு ஆபீஸிலிருந்து போன் போயிற்று, மறுபடி வந்து ஓட்ட முடியுமா என்று.

"முடியாதுங்க. வேற ஒரு ஊர்ல வேலையை ஒத்துக்கிட்டேன். அங்க இன்னைக்குச் சாயங்காலம் கூரை போடணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை மழை வருவதற்கு நாலு நிமிடம் இருக்கும்போது கூரை உட்கார்ந்தது. இவன் கையைப் பார்த்து அவர் இறக்கினார். இவன் இரண்டு கையையும் விரித்தபோது, படத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோமா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டான். வெளியே தோலை உரிக்கும் மழை கொட்டியது. உள்ளே மஞ்சளும் பச்சையும் ஒருவர் முதுகில் ஒருவர் குழாயைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாம் நாள் மாலை அவள் வந்தாள். இரண்டு ஆளும் உயிரோடிருப்பதாகப் போனில் இரண்டு பச்சைப் புள்ளி தெரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் உள்ளே போகலாமா, விடுதிக்குப் போகலாமா என்று வாசலில் பெட்டியோடு ஒரு நிமிடம் நின்றாள். உள்ளேயிருந்து காது கிழிகிற சத்தம்.

"இடப்பக்கம் மாமா, இடப்பக்கம்! உங்க இடப்பக்கம் இல்ல, என் இடப்பக்கம்!"

"மாப்பிள்ளை, நீங்க எந்தப் பக்கம் திரும்பி நிக்கறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க!"

"இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், ரெண்டாவது மாடி வேணாம்னு!"

"மாடி இல்லாம ஒரு வீடா? நாலு பேர் வந்தா சிரிக்க மாட்டாங்க?"

"எவன் வருவான் மாமா அங்க? புழுதான் வரும்!"

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பெட்டியைத் தரையில் வைத்தாள். தலையணையை வெளியே எடுத்தாள். "நான் வந்துட்டேன்" என்றாள்.

திரையில் ஒரு முழுச் சுவர் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லிவைத்தாற்போல் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பக்கவாட்டில் நீட்டினார்கள், அவர் இடதுகையை, இவன் வலதுகையை. நிறுத்து, அசையாதே.

அவள் அசையாமல் நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று. சுவர் கால் அங்குலம் இறங்கியது. இன்னொரு நிமிடம் போயிற்று.

பிறகு அவள் தலையணையை இடுக்கிக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாள்.

"ஃபிரிட்ஜே, இந்த ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் சொல்லு. வீட்டுக்கு ஆள் வந்திருக்குன்னு."